ரொட்டி மாவின் இசை ஞானம்

அகிலமெல்லாம் நாதத்தில் பிறந்தது, நாதத்தில் நிற்கிறது, ஒருநாள் நாதத்திலேயே ஒடுங்கும். கோள்கள் சுற்றுவதும் கடல் பொங்குவதும் அந்த நாதத்துக்குக் கட்டுப்பட்டே. புதுச்சேரியில் ஒரு ரொட்டிக்கடையில் மைதா மாவு பொங்குவதும் அதே நாதத்தால்தான்.

முதல் இரண்டையும் யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. மூன்றாவதைப் பார்க்கத் தினமும் மாலை நாலு மணிக்கு இருநூறு பேர் கூடினார்கள். பாதிப் பேர் ரொட்டி வாங்க வந்தவர்கள். மீதிப் பேர் மாவைத் தரிசிக்க வந்தவர்கள்.

கடையின் பெயர் எம்.கே. பூலாஞ்ஜெரி. பூலாஞ்ஜெரி என்றால் பிரெஞ்சில் ரொட்டிக்கடை. எம்.கே. என்றால் தமிழில் மண்ணாங்கட்டி. கடையை ஆரம்பித்தவர் பெயர். வெள்ளைக்காரர்களுக்கு வாயில் நுழையாது என்று பேரன் பிரேம்குமார் சுருக்கிவிட்டார். எந்த வெள்ளைக்காரரும் புகார் கொடுத்திருக்கவில்லை.

கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஒரு தொட்டி நிறைய மாவு. அதற்கு மேலே செம்பு நிறம் பூசிய ஒலிபெருக்கி, அதற்கொரு சாமந்தி மாலை. அதிலிருந்து 'ம்ம்ம்ம்ம்' என்று ஒரே ஒலி, காலை ஒன்பதிலிருந்து கடை சாத்தும்வரை. நாலு மணிக்கு முதலாளி பிரேம்குமார் பட்டு வேட்டியோடு வந்து மாவை மூடிய ஈரத்துணியை விலக்குவார். மாவு இரண்டு மடங்காகியிருக்கும். கூட்டம் கைகளைத் தலைக்கு மேல் தூக்கும். ஈஸ்ட் போட்ட மாவு பொங்கத்தான் பொங்கும் என்ற தகவல் இன்னும் அந்தத் தெருவுக்கு வந்து சேரவில்லை.

"முசியே, பாரீஸ்ல மாட்டுக்கே பாட்டுப் போடறான். மாவு எம்மாத்திரம்?" என்பார் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குபவர்; அவருக்கு எல்லாரும் முசியே, எல்லாருக்கும் அவர் முசியே, அதாவது ஐயா. பாரீஸ் என்று ஆரம்பித்தால் அந்த ஊரில் எதிர்ப்பேச்சு கிடையாது.

இந்த மகிமைக்குக் காரணகர்த்தா நாதஸ்ரீ ஒலியானந்தர். காவி ஜிப்பா, கழுத்தில் உருத்திராட்சம், காதில் ப்ளூடூத். வேலை செய்யும் இடத்தில் கேட்கவேண்டிய ஒரே ஓசை எது என்று பன்னிரண்டு ஆண்டுகள் இமயத்தில் உட்கார்ந்து கண்டுபிடித்தாராம். இமயத்தில் எவனும் வேலை செய்வதில்லையே என்று யாரும் கேட்கவில்லை.

அவர் எப்படி வந்தார் என்பதைச் சொல்லவேண்டும். அதற்குக் கண்ணையனிடமிருந்து ஆரம்பிக்கவேண்டும்.

கண்ணையன் பிள்ளைச்சாவடிக்காரர். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கடையில் மாவு பிசைகிறவர். பஸ்ஸை விட்டு இறங்கியதும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். செல்போனில் குத்துப்பாட்டு போட்டு ஒரு பித்தளைச் சொம்புக்குள் இறக்குவார். சொம்பு அதிரும். தெருவே கேட்கும். அவருக்குக் கடிகாரம் கிடையாது, பாட்டுதான் கணக்கு. மூணு பாட்டு பிசைந்தால் மாவு கையில் ஒட்டாது. நாலாவது பாட்டில் உருட்டலாம். மழைக்காலமென்றால் இன்னும் அரைப்பாட்டு.

இந்தச் சித்திரையில் பிரேம்குமார் மாவு பிசையும் அறைக்குக் கண்ணாடிச் சுவர் வைத்தார். சுற்றுலா வருகிறவர்கள் உள்ளே நின்று படம் பிடிக்கவேண்டும் என்று ஏசியும் போட்டார். பதினெட்டில் வைத்தார்.

"முதலாளி, மாவுக்குக் குளிரு ஆவாது" என்றார் கண்ணையன்.

"யோவ், பிரான்ஸ்ல ஐஸே கொட்டுது. அங்க ரொட்டி சுடல?"

கண்ணையன் பிரான்ஸுக்குப் போனதில்லை. போய் மாவைப் பிசைந்தார். அந்த வாரத்திலிருந்து ரொட்டி செங்கல்லானது. சொல்தா ஒரு பல்லை இழந்தார். அதுவும் கட்டின பல்.

குளிரைச் சந்தேகிக்க முதலாளிக்கு மனம் வரவில்லை. புது ஏசி. சந்தேகப்பட வாகாக இருந்தது சொம்புதான். "ஈஸ்ட் வெளிநாட்டு சரக்கு. குத்துப்பாட்டு கேட்டா பயப்படாதா?" என்றார். மாமனார் வழியில் தெரிந்த ஒலியானந்தர் அழைக்கப்பட்டார்.

வந்தவர் அறைக்குள் கண்ணை மூடி நின்றார். மூன்று கட்டளைகள் இட்டார். ஒன்று, ஏசியின் உறுமல் அபசுரம், அதை அணைக்கவேண்டும். இரண்டு, சொம்புப் பாட்டு நிற்கவேண்டும். மூன்று, தன் நாதம் ஓடவேண்டும். மறுநாள் மாவு பொங்கியது. மூன்றில் எது பலித்தது? மூன்றாவது என்று முடிவு செய்தார் முதலாளி. அதற்குத்தான் அவர் கட்டணம் கொடுத்திருந்தார்.

அப்புறம் என்ன, நாதத்தை அடைத்துச் சிவப்புக் கயிறு கட்டிய பென்டிரைவ் ஒன்று நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ரூபாய். ஜெராக்ஸ் கடை, மூக்குக்கண்ணாடிக் கடை, லாட்ஜ், கல்யாண அலங்கார நிலையம், வருமானவரி பார்க்கிற ஆடிட்டர் என்று நாற்பத்திரண்டு இடங்களில் 'ம்ம்ம்ம்ம்' ஓடியது. வேலைக்காரர்கள் சொந்தப் பாட்டு கேட்கக்கூடாது என்பது நிபந்தனை. செல்போன்கள் பிஸ்கட் டின்னில் போட்டுப் பூட்டப்பட்டன. ஜெராக்ஸ் கடைப் பெண் துர்கா இரண்டு பக்கமும் நகல் எடுக்கச் சொன்னால் ஒரே பக்கத்தை இரண்டுமுறை எடுத்தாள். அது நாதம் உள்ளே இறங்குவதன் அறிகுறி என்றார் ஒலியானந்தர்.

வாங்காத ஒரே கடை எதிர்வரிசையில் ஜஹபர் நிஷாவின் தையல்கடை.

"குழந்தாய், உன் மெஷினுக்கு நாதம் தேவை."

"என் மெஷினுக்கு எண்ணெய் தேவை சாமி. போட்டுட்டேன்."

நிஷாவுக்கு வேறு வருத்தம். கண்ணையன் பாட்டு நின்றதிலிருந்து அவருடைய தையலும் மந்தமாகிவிட்டது. எதிர்க்கடைப் பாட்டிலேயே பத்து வருஷம் ஜாக்கெட் தைத்தவர். 'ம்ம்ம்' சத்தத்துக்குக் காஜா போட்டால் தூக்கம் வந்தது.

ஜூன் மாதம் ஒரு சனி ஞாயிறு சுற்றுலாக் கூட்டம் அதிகம். உள்ளே வியர்த்துக் கொட்டுகிறது என்று முகம் சுளித்தார்கள். பிரேம்குமார் ஏசியைப் போட்டார். நாதமும் ஓடியது. மாவு படுத்துவிட்டது.

ஒலியானந்தர் ஓடிவந்தார். ஏசியைப் பார்த்தார். பக்கத்திலேயே பணம் கட்டியவர்கள் பத்துப் பேர் நின்றார்கள். நாதம் ஏசியிடம் தோற்றது என்று அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது? சட்டென்று கண்ணையனின் கைகளைப் பிடித்து முகர்ந்தார்.

"இந்தக் கைகளில் பழைய பாட்டு ஊறியிருக்கிறது. வாய்க்குள் முணுமுணுக்கிறான். மாவு அதைக் கேட்டு அஞ்சுகிறது."

கண்ணையன் தலையாட்டி ஒப்புக்கொண்டார். உண்மையிலேயே முணுமுணுத்திருந்தார். பாட்டில்லாமல் எவ்வளவு நேரம் பிசைவது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

தீர்ப்பு உடனே வந்தது. கண்ணையன் வெள்ளிக்கிழமையோடு நிற்கவேண்டும். அவர் இடத்துக்கு மாவு பிசையும் மெஷின். மெஷினை விற்பவர் ஒலியானந்தரின் மச்சான். அதுவும் நாதத்தின் சித்தம்.

வியாழக்கிழமை கண்ணையன் நிஷா கடை வாசலில் வந்து நின்றார்.

"நிஷாம்மா, உங்ககிட்ட பழைய சட்டைத்துணி பை ஏதாச்சும் இருக்கா? சாமானெல்லாம் எடுத்துட்டுப் போவணும்."

"இன்னா சாமான்?"

"அந்தச் சொம்புதான்."

நிஷா பை தரவில்லை. "அண்ணே, நாளைக்கு மாவு பிசைஞ்சதும் மூணு உருண்டை எனக்கு எடுத்து வை. ஒரே எடை. ஒரே மாவு" என்றார்.

"இன்னாத்துக்கு?"

"அளவு எடுக்கத்தான். எனக்கு வேற இன்னா தெரியும்?"

வெள்ளிக்கிழமை மெஷினுக்குப் பொட்டு வைத்துப் பூமாலை போட்டிருந்தார்கள். தெரு நிரம்பியது. நாற்பத்திரண்டு கடைக்காரர்களும் முன்வரிசையில். ஒலியானந்தர் மைக்கைப் பிடித்த நேரத்தில் நிஷா கழுத்தில் இஞ்ச் டேப்போடு உள்ளே வந்தார். கையில் மூன்று பிஸ்கட் ஜாடிகள்.

"சாமி, ஒரு சந்தேகம். லாட்ஜ்ல ஜெனரேட்டர் பக்கத்துலயே உங்க நாதம் ஓடுது. அந்த இரைச்சல் ஒண்ணும் பண்ணாதா?"

லாட்ஜ் முதலாளி முன்வரிசையில் கழுத்தை நீட்டினார். ஒலியானந்தர் புன்னகைத்தார். "என் நாதம் எந்த இரைச்சலையும் விழுங்கிவிடும் குழந்தாய்."

"அப்ப ஏசி ஓடினாலும் விழுங்கிடும்."

புன்னகை கொஞ்சம் குறைந்தது. "விழுங்கும்... பொதுவாக."

"பொதுவாவே பார்த்துடலாம். பிரேம் தம்பி, ஏசியைப் போடு. பதினெட்டுல வை."

முதல் ஜாடி ஏசி அறையில், ஒலிபெருக்கிக்கு நேர் கீழே. இரண்டாவது கொல்லைப்பக்கம், கண்ணையனின் சொம்புக்குப் பக்கத்தில், அதற்குள் நிஷாவின் செல்போனில் தெருவுக்கு எட்டாமல் ஓடும் குத்துப்பாட்டோடு. மூன்றாவது எதிரே நிஷாவின் தகரக்கூரைக் கடையில், எந்தப் பாட்டும் இல்லாமல். மூன்றிலும் மாவு மூன்று இஞ்ச் உயரம். நிஷா அளந்து ஜாடி மேல் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டார்.

"ஜாடியை யாரும் தொடக்கூடாது. முசியே, மூணாவதுக்கு நீங்க காவல்."

சொல்தா விறைப்பாக நின்றார். நாற்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு உத்தரவு கிடைத்த சந்தோஷம்.

ஒன்றரை மணி நேரம். கூட்டம் கலையவில்லை. கண்ணையன் எங்கேயும் உட்காரவில்லை. பையில்லாததால் இரண்டாவது ஜாடிக்குப் பக்கத்திலேயே, பாடுகிற சொம்பைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒலியானந்தர் மட்டும் ஏசி அறைக்குள் மாவுக்கு எதிரே கண்ணை மூடித் தியானத்தில் அமர்ந்திருந்தார். இரண்டு மாதத்தில் இரண்டே நாள் ஓடிய ஏசி. நடுவில் அதிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. பட்டு வேட்டி நனைந்த பிரேம்குமார் பதறினார்.

"இது இன்னாய்யா, புது ஏசி ஒழுவுது?"

ஒலியானந்தர் கண்ணைத் திறக்காமலேயே சொன்னார்: "தண்ணி போற ட்ரெய்ன் பைப்பு அடைச்சிருக்கும். வெளியே போயி வாயை வெச்சு ஊது, சரியாப்பூடும்."

எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. 'ம்ம்ம்ம்ம்' மட்டும் ஓடியது.

"இமயத்துல ஏசி இருக்கா சாமி?" என்றார் நிஷா.

பிரேம்குமார் வெளியே போய் ஊதினார். சரியாகிவிட்டது. ஒலியானந்தர் அன்றைக்குச் சொன்னவற்றில் உண்மையிலேயே பலித்தது அது ஒன்றுதான்.

ஜாடிகள் வந்தன. நிஷா டேப்பை விரித்தார். நாதம் கேட்ட மாவு மூன்றேகால் இஞ்ச். குத்துப்பாட்டு கேட்ட மாவு ஆறு. ஒன்றுமே கேட்காத மாவு ஆறு.

"வெட்கம்" என்றார் ஒலியானந்தர். "இத்தனை பேர் பார்த்தால் மாவு வெட்கப்படும்."

"அது ரெண்டையும் பார்த்தாங்களே. அதுங்களுக்கு மானம் இல்லையா?" என்றாள் ஜெராக்ஸ் கடை துர்கா. இரண்டு மாதத்தில் அவள் முதல்முறையாகச் சிரித்தாள்.

கண்ணையன் மட்டும் இரண்டாவது ஜாடியையும் மூன்றாவது ஜாடியையும் மாறிமாறிப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது.

"அப்ப நம்ம பாட்டும் மாவுக்கு ஒண்ணும் பண்ணலியா நிஷாம்மா?"

"மாவுக்குக் காது எங்கண்ணே இருக்கு? பாட்டு உன் கைக்கு. சூடு மாவுக்கு."

ஒலியானந்தர் பின்வாசலைத் தேடினார். பின்வாசலில் அடுப்பு இருந்தது. முன்வாசலில் நாற்பத்திரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் நடுவே உட்காரவைத்து விசாரித்ததில் நாதஸ்ரீயின் பெயர் செல்வகுமார் என்றும், கடலூரில் ஆறு வருஷம் ஏசி மெக்கானிக் என்றும் தெரிந்தது. முதல் நாள் உள்ளே வந்ததும் தொட்டிமேல் நேராகக் குளிர்காற்று விழுவதைப் பார்த்திருக்கிறார். "அணைச்சா சரியாப்பூடும்னு அப்பவே தெரியும். அதைச் சொன்னா முந்நூறு ரூபா குடுத்திருப்பாங்க" என்றார். அன்றைக்கு அவர் பேசிய ஒரே நியாயமான பேச்சு.

வாங்கியதைத் திருப்பித் தருவதாக எழுதிக்கொடுத்தார். மெஷின் மாலையோடு வண்டி ஏறியது. பிரேம்குமார் கண்ணையனிடம் போய், "ஏசியை வாசப்பக்கம் மாத்திடலாம். நாளைக்கு வந்துடு" என்றார். மன்னிப்பு என்ற சொல் மட்டும் வரவில்லை; அது பிரெஞ்சில்தான் சுலபமாக வரும்போல.

பிஸ்கட் டின்கள் திறக்கப்பட்டன. செல்போன்கள் வெளியே வந்தன. தெருவில் நாற்பத்திரண்டு வகைப் பாட்டு ஒரே நேரத்தில் கிளம்பியது. காது வலித்தது. ஆனாலும் ஒருவரும் முறையிடவில்லை.

மறுநாள் கண்ணையனுக்கு ஒரு ஆசை. இவ்வளவு பேர் மதிமயங்கிய அந்த நாதத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? இத்தனை நாள் வாய்க்குள் சொந்தப் பாட்டை முணுமுணுத்ததில் அவர் அதைக் காதில் வாங்கியதே இல்லை. பிசையும்போது பென்டிரைவை ஓடவிட்டு முழுசாகக் கேட்டார். வேலை செய்துகொண்டே பாட்டைக் கவனித்துக் கேட்பது அவருக்கு இருபத்திரண்டு வருஷப் பழக்கம். மற்றவர்கள் நாதத்தைச் சுவருக்குப் போட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தவர்கள். நாலு மணி நேரம் ஆனபோது, 'ம்ம்ம்ம்ம்' நடுவே, குக்கர் மூன்று விசில் அடித்தது. அப்புறம் ஒரு பெண் குரல், கணீரென்று: "யோவ், டேங்க் ரொம்பி வழியுது, மோட்டாரை நிறுத்துய்யா."

நாற்பத்திரண்டு கடைகள். இரண்டு மாதம். தினமும் மதியம் ஒரு மணி. ஐயா, அம்மா, அடுத்த பென்டிரைவுக்குக் கயிறு கட்டுவதற்கு முன்னால் காதில் விழுவதை ஒருமுறையாவது மூளைக்கு அனுப்பிப் பாருங்கள்.

ஒருவருமே கேட்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. பிரேம்குமார் கேட்டிருக்கிறார். அந்த இடம் வரும்போதெல்லாம் எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறார்.