இருபத்தொண்ணும் என் ஜபமும்

பார்த்தவுடன் பக்திமான் என்று தோன்றும் ஆட்களை நான் சட்டென்று நம்புவதில்லை. நானே அப்படித் தோன்றித்தான் கல்யாணம் பண்ணிக்கொண்டேன்.

அப்போது சுமதியைப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். எனக்கு ரொம்பப் பிடித்துப்போய் சோறே இறங்கவில்லை. அவள் அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: பையனுக்குச் சீட்டுப் பழக்கம் இருக்கக் கூடாது. அவருடைய தம்பி, கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, விளைந்த நிலத்தைச் சீட்டில் விட்டவர்.

எனக்குப் பழக்கம் கிடையாதுதான். ஆனால் யூடியூபில் பிளாக்ஜாக் பார்த்திருந்தேன். நம்ம ஊர் இருபத்தொண்ணுதான் அது. ஆட்டத்தில் சேராமல் பக்கத்தில் நின்று விழுகிற சீட்டை எண்ண வேண்டும். சின்னச் சீட்டுக்கு ஒன்று கூட்டு, ராஜா ராணிக்கு ஒன்று கழி. கணக்கு ஏறினால் சீட்டுக்கட்டில் பெரிய சீட்டெல்லாம் மிச்சம். அப்போது போய் உட்கார்ந்தால் ஜெயம். (விளையாடினால்தானே பழக்கம், எண்ணினால் அறிவுதானே என்று எனக்கு நானே வக்கீலானேன்.)

திருவண்ணாமலையில் ரெண்டு வீட்டுக்கும் பொதுவான சொந்தக்காரர் கல்யாணம். மண்டபத்து மாடி அறையில் பெரியப்பா ஜமக்காளம் விரித்துச் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஜன்னலோரம் நின்றேன். முகம் மலைக்கு, ஓரக்கண் சீட்டுக்கு. கணக்கு மறக்காமலிருக்க விரல் கணுக்களில் கட்டைவிரலை நகர்த்தினேன். உதடும் தானாக முணுமுணுத்தது. கணக்கு ஏறும், உட்காரலாம் என்று நினைப்பேன். தைரியம் வருவதற்குள் பெரியப்பா கட்டைக் கலைத்துவிடுவார். மறுபடி முதலிலிருந்து.

திடீரென்று எல்லாரும் சீட்டை ஜமக்காளத்துக்கு அடியில் தள்ளினார்கள். வாசலில் சுமதியின் அப்பா. எனக்கு உயிரே போய்விட்டது, கட்டைவிரல் கணுவிலேயே ஒட்டிக்கொண்டது. அவர் என்னைப் பார்த்தார், மலையைப் பார்த்தார்.

"தொந்தரவு பண்ணாதீங்க. தம்பி ஜபத்துல இருக்காரு" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

அந்த வாரமே நிச்சயம் பண்ணிவிட்டார்கள். அதற்கப்புறம் பௌர்ணமி தவறாமல் மாமனாரோடு செருப்பில்லாத கிரிவலம். வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே நடப்பேன். (வேற வழி?) என்றைக்கு மாட்டப்போகிறேனோ என்ற பயம் மட்டும் போகவில்லை.

மகள் பிறந்த பிறகு ஒரு கிரிவலத்தில் மோர் குடிக்க நின்றோம். மாமா மோரில் மிதந்த கறிவேப்பிலையை ஊதி ஒதுக்கிவிட்டுச் சாவகாசமாகச் சொன்னார், "ஜபம் பண்றவங்க ராஜா விழுந்தா உச்சு கொட்ட மாட்டாங்க மாப்ள."

அன்றைக்குக் கதவோரம் ரொம்ப நேரமாகவே நின்றிருந்தாராம். அப்புறம் எதுக்கு மாமா பொண்ணு குடுத்தீங்கன்னு கேட்டேன்.

"என் தம்பியா இருந்தா வந்ததும் உக்காந்திருப்பான். நீங்க அவ்ளோ நேரம் நின்னும் உக்காரலியே. இவ்ளோ பயப்படற புள்ளைக்குத் தாராளமா குடுக்கலாம்னு தோணுச்சு."

அப்பாடா என்றிருந்தது. இத்தனை வருஷப் பயமும் இறங்கி, ரோட்டோரமே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அடுத்த பௌர்ணமியிலிருந்து வாயைத் திறந்து ஊர்க்கதை பேசிக்கொண்டு நடக்கிறேன்.

ஆனால் விஷயம் வீடு முழுக்கப் பரவிவிட்டது. இப்போது சொந்தத்தில் யாருக்கு வரன் பார்த்தாலும், படிப்பு, வேலை, சொந்த வீடு எல்லாம் விசாரித்து முடித்த பிறகு மாமா கடைசியாக ஒன்று கேட்கிறார்: "பையன் நல்லா பயப்படுவானா?"

உடனே எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.