உன் கொழுந்தனை இங்கே அனுப்பாதே, அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. உடம்பு நலம். பசி இருக்கிறது, தூக்கம்தான் இல்லை. அங்கே நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் அதைப் பிறகு விசாரிக்கிறேன், இப்போது விஷயம் அவசரம்.

போனில் சொல்ல வேண்டியதை ஏன் எழுதுகிறான் என்று நினைப்பாய். உன் போன் எப்போதும் ஸ்பீக்கரில் இருக்கிறது. போன வாரம் துரை என்று நான் வாயெடுத்ததும் பின்னாலிருந்து உன் மாமியார், "எந்தத் துரை? என்ன சம்பளம்?" என்று கேட்டார். வெள்ளைக்காரன் என்பதால் விளையாட்டுக்கு நீ வைத்த பெயர், இப்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்கிறான். நம் குடும்பத்தில் அவன் என் சிநேகிதன் இல்லை, அதற்கும் மேலே என்று தெரிந்தவள் நீ ஒருத்திதான். சொன்ன அன்றைக்கு, "ஆம்பளையோ பொம்பளையோ, மனுஷன் நல்லவனான்னு மட்டும் பாருடா" என்றாயே, அந்த நன்றிக்காகத்தான் இதுவரை நீ சொன்ன எதையும் நான் மறுத்ததில்லை. இப்போது மறுக்கிறேன்.

உன் கொழுந்தன் ஏசி கம்பெனிப் பயிற்சிக்காக இங்கே வருகிறான், ஒரு மாதம் எங்கள் வீட்டு சோபாவில் படுத்துக்கொள்வான் என்று எழுதியிருக்கிறாய். முடியாது. "ஒரு மூலைல கிடப்பான்டா" என்கிறாய். அவன் ஒரு மூலையில் கிடக்கிற ஆளா? உன் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையை விட்டுவிட்டு எல்லாரும் அவனைத்தானே பார்க்கிறார்கள். அந்த உயரமும், செக்கச் செவேல் என்ற நிறமும், எழுதி ஒட்டினது போன்ற மீசையும். "ஒரே பந்தல்ல சுண்ணாம்பும் கரியும்" என்று அவனையும் என்னையும் சேர்த்து நிறுத்திச் சிரித்தவர்கள் நம் சொந்தக்காரர்கள்தான். "அவன் அந்த மாதிரி இல்லடா, பொண்ணு பாத்துட்டிருக்கோம்" என்றும் எழுதியிருக்கிறாய். தெரியும். பால் நல்ல பால்தான் அக்கா. என் பயம் பூனையைப் பற்றியது.

உனக்கு முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். இங்கே ஆணைத் தேடும் ஆண்கள் எல்லாரும் ஒரே ஆப்பில் கிடக்கிறார்கள். படம், வயது, உயரம், அதற்குக் கீழே யார் யார் வேண்டாம் என்று ஒரு வரி. நம் நிறத்து ஆட்கள் வேண்டாம், சப்பை மூக்கு வேண்டாம், சுருட்டை முடி வேண்டாம் என்று எழுதிவிட்டு, "யாரும் தப்பாக நினைக்க வேண்டாம், இது என் விருப்பம் மட்டுமே, வெறுப்பு இல்லை" என்று கடைசியில் ஒரு கும்பிடு. வீட்டை வாடகைக்கு விடுகிறவன் இப்படி எழுதினால் அவன் மேல் வழக்குப் போடலாம். படுக்கைக்கு வழக்குக் கிடையாது. நான் வணக்கம் போடுவேன். அந்தப் பக்கம் பார்த்துவிட்டதற்கு அடையாளம் வரும், பதில் வராது. உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா, நிறம்தான் கொஞ்சம்..." என்று இழுத்துவிட்டுப் போனார்களே, அவர்கள் எல்லாரும் செத்து இந்த ஆப்பில் மறுபடி பிறந்திருக்கிறார்கள் என்று அப்போது நினைத்துக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் துரை வந்தான். மருந்துக் கடைக்காரன். அவன் படத்துக்குக் கீழே, "மாநிறம், கறுப்பு மாதிரி ஆட்கள் மட்டும்" என்று இருந்தது. அக்கா, நான் அழுதேன். ஊரே வேண்டாம் என்ற சரக்கை ஒருத்தன் இதுதான் வேண்டும் என்கிறானே என்று. அந்த 'மாதிரி'க்குள் எத்தனை பேர் நிற்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அவன் நல்லவன்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். நான் லிஃப்ட் குழிக்குள் இறங்கிப் பழுது பார்த்துவிட்டு கிரீஸ் கையோடு வந்தால் அவனே பிரஷ் எடுத்து என் நகங்களைத் தேய்த்துவிடுவான். வாடகை வாங்கும் வீட்டுக்காரம்மா அவனை விட்டுவிட்டு என்னை மட்டும் பார்த்து, "எத்தனை பேர் தங்குறீங்க? சொந்தக்காரங்க வந்துக்கிட்டே இருப்பாங்களோ?" என்று கேட்டபோது, படியில் நின்று அவளோடு தொண்டை வற்றச் சண்டை போட்டான். உன் கொழுந்தன் வந்தால் அந்தச் சண்டையும் வீணாகப் போகும், அது வேறு.

போன மாதம் அவன் பிறந்த நாள். அவன் தோழி ஒருத்தியின் ஆறாவது மாடி வீட்டில் விருந்து. நான் வேலையிலிருந்து நேராகப் போனேன். அவன் வாங்கித் தந்த கடுகு மஞ்சள் சட்டையைப் பையில் வைத்திருந்து, கீழே கழிப்பறையில் மாற்றிக்கொண்டு லிஃப்டில் ஏறினேன். கதவு மூடப்போகும்போது மூன்று பேர் ஓடி வந்து ஏறினார்கள். மூன்று பேரும் நம் நிறம். மூன்று பேரும் கடுகு மஞ்சள் சட்டை. கதவு மூடிவிட்டது. மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. அந்த லிஃப்டுக்குள் மூன்று பக்கமும் கண்ணாடி. யார் முகத்தையும் பார்க்கக் கூடாது என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மஞ்சளாக ஒரு ஊர்வலமே நின்றுகொண்டிருந்தது.

நான் மெக்கானிக்தான், ஆனால் உள்ளே மாட்டிக்கொண்டால் மெக்கானிக்கும் ஒரு பயணிதான். எங்கள் கம்பெனிக்குப் போன் செய்தேன். டூட்டியில் இருந்த பெண், "பதட்டப்படாதீங்க சார், அந்தப் பகுதி மெக்கானிக்கை இப்பவே அனுப்புறேன்" என்று வைத்தாள். உடனே என் போன் அடித்தது. "ஒரு லிஃப்ட்ல நாலு பேர் மாட்டியிருக்காங்க, எவ்வளவு நேரத்துல போவீங்க?" என்றாள். "அங்கதான் இருக்கேன்" என்றேன். "ரொம்ப நல்லது" என்று வைத்துவிட்டாள்.

அவர்களில் பெரியவர், நகரப் பேருந்து ஓட்டுகிறவர், நம் மொழிக்காரர். மற்ற இருவரில் ஒருவன் ஆஸ்பத்திரி நர்ஸ், இன்னொருவர் கணக்காளர். அவர்கள் நாடு வேறு, மொழி வேறு. துரையின் கணக்கில் நாங்கள் நால்வரும் ஒரே தெரு.

"மெக்கானிக் தம்பி நீங்கதானே? சொல்லியிருக்கான்" என்றார் ஓட்டுநர்.

"நீங்க?"

"நான் ஆரம்ப காலம்." கணக்காளரைக் காட்டி, "இவர் எனக்கு அப்புறம்" என்றார். நர்ஸ் கையைத் தூக்கி, "உங்களுக்கு முன்னாடி நான்" என்றான். ரேஷன் வரிசையில் இடம் பிடிப்பது போல.

"சட்டை குடுக்கும்போது என்ன சொன்னான்?" என்று கணக்காளர் பொதுவாகக் கேட்டார்.

"இந்த நிறம் உன் தோல் மேலதான் உயிரோட இருக்குன்னு" என்றேன். நர்ஸ் கண்ணை மூடிக்கொண்டு அதே வாக்கியத்தை என்னோடு சேர்ந்து சொல்லி முடித்தான்.

"கண்ணுக்குள்ள ஏதோ பழைய சோகம் இருக்குன்னு சொன்னானா?"

"சொன்னான்."

"எனக்கும் சொன்னான். அது சோகம் இல்ல, நைட் டூட்டி" என்றான் நர்ஸ்.

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் துரை மேல் கோபப்பட்டிருப்பான். நான் நர்ஸின் சட்டைக் காலரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுடையது நல்ல பருத்தி. என்னுடையது பாலியஸ்டர், வியர்த்தால் ஒட்டும். கணக்காளரை நாலு நாள் கடற்கரைக்குக் கூட்டிப் போயிருக்கிறானாம், என்னை ஏரியோடு முடித்துவிட்டான். வயிறு எரிந்தது அக்கா, சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அப்போதுதான் ஓட்டுநர், "அந்த ஏரிக்கரைப் போட்டோ இன்னும் ஃபிரிட்ஜ் மேலதான் ஒட்டியிருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு. என் முதுகு தெரியுற மாதிரி அவன் எடுத்தது."

"உங்க முதுகா? தம்பி, அது என் முதுகு. எடுத்து எட்டு வருஷம் ஆச்சு."

குடிவந்த நாளிலிருந்து அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான் தினமும் பால் எடுப்பேன். குடிவருமுன்பே நாங்கள் ஏரிக்குப் போனதும் உண்மை, நான் தண்ணீரைப் பார்த்து நின்றதும் உண்மை, அவன் படம் எடுத்ததும் உண்மை. அதைப் போனில் படம் பிடித்து உனக்கும் அனுப்பினேன். நீ என்ன எழுதினாய்? "முதுகப் பாத்தாலே தெரியுது என் தம்பின்னு." தூக்கி வளர்த்தவள் நீ. உனக்கே பேருந்து ஓட்டுநரின் முதுகுக்கும் என் முதுகுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் மருந்துக் கடைக்காரனை நான் என்ன சொல்லி ஏச முடியும்?

ஓட்டுநர் அதோடு விடவில்லை. "உங்கள வேற எங்கயோ பாத்திருக்கேனே. ஆப்புல. நான் ஒரு வணக்கம் போட்டேன், நீங்க பதில் போடல" என்றார். நான் பார்க்கவில்லை என்று சொன்னேன். "பாத்ததா அடையாளம் வந்துச்சு. பரவால்ல" என்றார். நல்ல வேளையாக அப்போது மேலே இருந்து யாரோ கதவைத் தட்டி, நெம்பித் திறந்தார்கள்.

வெளியே வந்து நால்வரும் ஆறாவது மாடி வீட்டு வாசலில் வரிசையாகப் போய் நின்றோம். துரை கதவைத் திறந்து பார்த்தான். வெட்கப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "ஐயோ, எவ்வளவு அழகா இருக்கீங்க எல்லாரும்" என்று சொல்லி எங்களைச் சேர்த்து நிற்கவைத்துப் படம் எடுத்தான். அதில் கபடம் இல்லை, அதுதான் பெரிய கஷ்டம். ரோஜா வளர்க்கிறவன் தோட்டத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான். ஒரு கூட்டம் என் நிறத்தைப் பார்த்து வேண்டாம் என்கிறது, இவன் என் நிறத்தைப் பார்த்து வேண்டும் என்கிறான். இரண்டு இடத்திலும் என்னை யாரும் கேட்கவில்லை. அப்படியானால் அவனை விட்டுவிட்டு வா என்பாய். வந்து? மறுபடி அந்த ஆப்பில் போய் நின்று, பார்த்துவிட்டதற்கான அடையாளங்களை எண்ணிக்கொண்டிருக்கவா? இருக்கிற ஒரு வீட்டை விடமாட்டேன். அவன் எனக்கு வேண்டும், அந்த வரிசையில் எனக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. என் நியாயம் அவ்வளவுதான்.

அன்றிலிருந்து நான் மனுஷனாக இல்லை. நம் நிறத்தில் தெருவில் யார் போனாலும் முதலில் துரையின் கண் எங்கே போகிறது என்றுதான் பார்க்கிறேன். பார்சல் கொண்டுவருகிறவன் நம் ஆள், சிரித்தால் கன்னத்தில் குழி விழும். எல்லாப் பார்சலையும் என் அலுவலக விலாசத்துக்கு மாற்றிவிட்டேன், இப்போது துரையின் உள்ளாடையெல்லாம் என் மேஜை மேல் வந்து இறங்குகிறது. எங்கள் மாடிக்கு மேல் மாடியில் ஒருத்தன் புதிதாகக் குடிவந்தான், அவனும் நம் ஆள், உடற்பயிற்சி செய்கிறவன். லிஃப்டில் துரையும் அவனும் சந்தித்துவிடக் கூடாது என்று, நன்றாக ஓடிக்கொண்டிருந்த லிஃப்டை நிறுத்தி 'பழுது' என்று பலகை மாட்டினேன். துரை படியேறினான். மூச்சு வாங்கி நடுவில் உட்கார்ந்திருக்கிறான். மேல்மாடிக்காரன் அவன் பைகளைத் தூக்கிக்கொண்டு, கையையும் பிடித்துக் கூட்டிவந்து வீட்டு வாசலில் விட்டுவிட்டு, "பாவம், லிஃப்ட் சரியாகுற வரைக்கும் நான் வரேன்" என்று என்னிடமே சொன்னான். கம்பெனியில் மெமோ கொடுத்தார்கள். காரணம் எழுதச் சொன்னார்கள். என்ன எழுதுவது?

இந்த நிலையில்தான் நீ உன் கொழுந்தனை அனுப்புகிறேன் என்கிறாய். நம் ஊரிலேயே நிறத்தில் எல்லாரையும் ஜெயித்தவன். அவன் காலையில் துண்டோடு குளியலறையிலிருந்து வெளியே வந்தால் என் கதி என்ன? அவன் பயிற்சி நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே சுத்தமான விடுதி இருக்கிறது, நானே போய்க் கட்டிலைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். செலவு என்னுடையது. அங்கே இடம் கிடைக்காவிட்டால் அவன் வேறு கம்பெனியில் வேலை தேடட்டும். அத்தானிடம் வீட்டில் தண்ணீர் ஒழுகுகிறது, சோபாவில் மூட்டைப்பூச்சி என்று எதையாவது சொல்லிவிடு. அவன் ஆல்பப் படத்தை எனக்கு அனுப்பியிருக்கிறாய், அதைத் துரை கண்ணில் படாமல் வைத்திருக்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். உன் மாமியார் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல், காதும் உடம்பில் சேர்த்திதான் என்று சொல். உன் கொழுந்தனுக்கு நல்ல இடத்தில் சீக்கிரம் பெண் அமையட்டும், அதுவும் அங்கேயே அமையட்டும்.

என்றும் உன் சொல் தட்டாத,
தம்பி.

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். துரை அந்தப் படத்தைப் பார்த்துவிட்டான். சார்ஜரைத் தேடி என் இழுப்பறையைத் திறந்திருக்கிறான். "இது யாரு?" என்றான். சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உங்க ஆள் மாதிரியே இல்லையே, ரொம்ப வெளுப்பா இருக்கான்" என்று திரும்ப வைத்துவிட்டு சூப் கிண்டப் போய்விட்டான். அக்கா, பிறந்ததிலிருந்து நிறத்தில் நான் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. சமையலறை வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தைரியத்தில் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன்: "நான் உன் நிறத்துல இருந்திருந்தா என்னைத் திரும்பிப் பாத்திருப்பியா?" அவன் பொய் சொல்லத் தெரியாதவன். யோசித்துவிட்டு, "இல்லன்னுதான் நினைக்கிறேன்" என்றான். பிறகு கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, "நான் உன் நிறத்துல இருந்திருந்தா நீ என்னைப் பாத்திருப்பியா?" என்றான். சூப் அடிபிடித்த வாசனை வரும்வரை இருவரும் அப்படியே நின்றோம். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவனும் மறுபடி கேட்கவில்லை. வீட்டில் பேச்சே இல்லை. உன் கொழுந்தனை உடனே அனுப்பி வை. இங்கே மூன்றாவதாக ஒரு ஆள் இருந்தால் நல்லது.