குளியலறை நண்டு

இரண்டு பிள்ளைகளும் குளியலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கையைப் பிடித்து இழுத்தால் அலறல். பேருந்து ஓட்டுநரான அப்பாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது, ஏனென்றால் காரணமே அவர்தான்.

சிக்னலில் நிற்கும்போதெல்லாம் பிள்ளைகளுக்காகப் பாட்டுக் கட்டுவது அவர் வழக்கம். முந்தின நாள் கட்டியது இது:

குளியலறைக் குழிக்குள்ளே
குண்டு நண்டு குடியிருக்கு
கால் நனைக்கும் பிள்ளைகளைக்
கடிச்சுப் பார்க்கக் காத்திருக்கு

விழுந்து விழுந்து சிரிப்பார்கள் என்று நினைத்திருந்தார்.

"இனிமே இதுங்கள யாரு குளிப்பாட்டுறது, உங்க நண்டா?" என்றாள் மனைவி.

நண்டை நல்லவனாக்கிவிடுகிறேன் என்று பேனாவும் கையுமாக உட்கார்ந்தார். மூத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்தாள்.

"அது பீன்ஸ் சாப்பிடுமாப்பா? அப்போ எங்களைக் கடிக்காதுல்ல?"

பிள்ளையின் புத்தியை மெச்சியபடி நண்டைச் சைவமாக்கினார். பீன்ஸ் என்றால் அதற்கு உயிர்.

பிள்ளைகள் குளித்தார்கள். அதைவிட அதிசயம், சாப்பாட்டுத் தட்டில் ஒரு காய்கூட மிஞ்சவில்லை. மனைவியே அசந்துபோனாள். ஓட்டுநர் தன் பாட்டின் மகிமையை நடத்துநரிடம் வழியெல்லாம் அளந்தார்.

வாரக் கடைசியில் குளியலறைத் தண்ணீர் கூடத்துக்கு வந்தது. கீழ்வீட்டுக்காரர் தலை சொட்டச் சொட்ட மாடியேறி வந்தார். குழாய் ரிப்பேர்க்காரர் குழிக்குள் கையை விட்டு அள்ளிப்போட்டதெல்லாம் பீன்ஸ். சமையல் இங்கேயா நடக்கிறது என்று கேட்டார் அவர்.

மனைவி பார்த்த பார்வையில், நண்டை அன்றைக்கே வீட்டைவிட்டு அனுப்பியாக வேண்டியிருந்தது.

"எங்கப்பா போகும்? எங்க ஸ்கூலுக்கா?" என்றாள் மூத்தவள்.

இருந்த அவசரத்தில் அப்படியே எழுதிவிட்டார்.

மறுநாள் காலை இரண்டும் போர்வைக்குள். பள்ளிக்கூடத்தில் நண்டு இருக்கிறதாம், போகமாட்டார்களாம். ஆசிரியை போனில் காரணம் கேட்டபோது, நண்டு என்று சொல்ல நா எழாமல் ஓட்டுநர் காய்ச்சல் என்று உளறினார். இரண்டு பேருக்குமா என்றதற்கு, தனக்கும்தான் என்றார்.

போனை வைத்தபோது உண்மையிலேயே உடம்பு நடுங்கியது. பெற்ற பிள்ளைகளைத் தானே பயந்தாங்கொள்ளியாக்கிவிட்டோமே என்று ஆடிப்போனார். எழுதிய தாள்களையெல்லாம் கிழித்தார். இருவரையும் மடியில் இருத்தி, நண்டு சுத்தப் பொய் என்று ஒப்புக்கொண்டார். இனிமேல் ஒரு வரிகூட எழுதுவதில்லை என்றார்.

அதைக் கேட்டதும்தான் பிள்ளைகள் தேம்பித் தேம்பி அழுதார்கள்.

"நண்டு பாவம்ப்பா. இன்னும் ஒண்ணே ஒண்ணு எழுதுப்பா" என்று மூத்தவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

ஓட்டுநர் இருவரையும் அணைத்துக்கொண்டார். இவ்வளவு பட்டும் தன் பாட்டின்மேல் இத்தனை பாசமா என்று நெகிழ்ந்துபோய்த் தாள் எடுக்கப் போனார். பேனாவை மறந்துவிட்டுத் திரும்பியவர், கதவருகே அப்படியே நின்றுவிட்டார். உள்ளே சின்னவன் கிசுகிசுத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இந்தத் தடவை நண்டுக்குப் பாலும் பிடிக்கும்னு எழுத வைக்கிறியா?"