கிருமி ஒட்டாத முட்டி

“எனக்கா? எனக்கா கிருமி?” காளியண்ணன் போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரி வரிசையே திரும்பிப் பார்த்தது. “நான் ஒரு நாளைக்கு மூணு தடவ குளிக்கிறவன், டாக்டர்!”

“மூக்குல எடுத்த டெஸ்ட்ல இருக்கு, அங்கிள். சாதாரண அன்டிபயோட்டிக்குக்கு அடங்காத கிருமி. முட்டி ஒப்பரேஷன தள்ளிப் போடணும்,” என்றார் டாக்டர் தனேஸ்வரி.

செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டும் காளியண்ணனுக்குக் கிளட்ச் மிதிக்கும் இடது முட்டி தேய்ந்து இரண்டு வருடமாகிறது. வருடக் கடைசிக்குள் திரும்பி வந்தால்தான் வேலை என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்.

“புது முட்டியில கிருமி ஒட்டாத பூச்சு இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் என்னா லா?”

“பூச்சு முட்டிக்குத்தான், உங்க உடம்புக்கு இல்லையே. காயத்துல இந்தக் கிருமி புகுந்தா சாதாரண மருந்து கேக்காது, அதனால முன்னாடியே அழிக்கணும். ஒரு வாரம் மூக்குக்கு இந்தக் களிம்பு, மேலுக்கு இந்தச் சோப்பு.”

ஊரான ஜெராமில் இறங்கியதும் அவர் நேரே போனது பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டுக்கு.

“செல்வா! எல்லாம் உன் கோழிங்களாலதான்! கூண்டத் தூக்குடா!”

செல்வா பாவம், கூண்டை வாய்க்கால் ஓரம் இழுத்துப் போனான்.

அதோடு விட்டாரா? டாக்டர் கொடுத்த சோப்பில் நுரையே வரவில்லை என்று, தரை கழுவும் மருந்தைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்துக் குளித்தார். தோல் உரிந்தது.

“மேலெல்லாம் புண்ணு. இப்பக் கத்தி வைக்க முடியாது,” என்றார் டாக்டர் அடுத்த வாரம்.

கொதித்துப்போன காளியண்ணன், வீட்டுப் பிஸ்கட் டின்னில் கிடந்த பழைய மாத்திரைகளில் நிறத்துக்கு ஒன்றாக எடுத்து விழுங்கினார். வயிற்றுப்போக்குதான் மிச்சம். அடுத்த டெஸ்டிலும் கிருமி மட்டும் சௌக்கியமாக இருந்தது.

“அநியாயம்! சுத்தமா இருக்குறவனுக்குத்தான் இந்த நாட்டுல கஷ்டம்!” என்று மேசையைத் தட்டினார்.

“அங்கிள், மருந்த பாதியில நிறுத்துற பழக்கம் இருக்கா?”

“யாரப் பாத்து என்னா கேள்வி கேக்குறீங்க?” அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

அவரைக் காரில் கூட்டிவந்த செல்வாவுக்குப் பொறுக்கவில்லை. பின்னாலிருந்து முன்னால் வந்தான்.

“என்னா டாக்டர், அண்ணன இப்படிப் பேசுறீங்க? தங்கமான மனுசன்! பத்து வருசமா ஆஸ்பத்திரியில எந்த மாத்திரை குடுத்தாலும் அவரு ரெண்டே நாளுதான் சாப்பிடுவாரு. மிச்சம் பூரா பிஸ்கட் டின்னுல சேத்து வச்சு என் கோழிங்களுக்குத்தான்!”