பல் டாக்டரின் பூரண சுதந்திரம்

ஊரையெல்லாம் "வாயைத் திறங்க" என்று அதட்டிப் பிழைக்கிற பல் டாக்டர், வீட்டில் மட்டும் தம் வாயைத் திறந்ததில்லை. பயம் என்று சொல்லிவிட முடியாது. பழக்கம்.

இப்போது வாயை மூடிக்கொள்ளக் கூடுதல் காரணமும் இருந்தது. அக்காவோடு மலைப்பக்கம் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வர வேண்டும் என்று மனைவிக்கு ஆசை. கல்யாணத்துக்கு மறுநாளே முளைத்த ஆசை. ஆனால் அவள் ரோஷக்காரி. "நீங்களா வாய் திறந்து 'போ'ன்னு சொன்னாத்தான் போவேன்" என்று சொல்லிவிட்டாள்.

போனால் சோறு யார் போடுவது? உள்ளாடை எந்த அலமாரியில் இருக்கிறது? பேச்சு வரும்போதெல்லாம் டாக்டர் இருமினார், கொட்டாவி விட்டார், ஒருமுறை தூங்கியே போனார்.

இந்த நிலையில்தான் மகள் இருவரையும் பகல் காட்சிக்கு இழுத்துப் போனாள். தேசபக்திப் படம். தூக்குமேடையேறும் புரட்சிக்காரன் ஒருகணம் திரும்பிப் பார்க்கிறான்; அடுத்த காட்சியில் அதே முகம் கல்லூரி வாசலில் கைப்பேசியும் கையுமாக நிற்கிறது. அந்தக் காலத்து நெருப்பு இந்தக் காலத்துப் பையனின் கண்ணில் பற்றிக்கொள்கிறது. டாக்டர் விம்மிய விம்மலில் முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கூடத்து நாற்காலிமேல் ஏறி நின்றார்.

"இந்த வீட்டில அடிமைத்தனம் ஒழிக!"

"செருப்பைக் கழட்டிட்டு ஒழிச்சுக்கங்க. காலையிலதான் துடைச்சேன்."

இறங்கி, கழற்றி, மறுபடி ஏறினார்.

"எனக்குச் சுதந்திரம் வேணும்!"

"ஞாயித்துக்கிழமை டிவி உங்க கையில. போதுமா?"

"பிச்சையா போடறே? பூரண சுதந்திரம்!"

"அப்படின்னா?"

"சாவிக்கொத்து!"

ஆணியில் மாட்டியிருந்ததை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"சமையலறை!"

"எடுத்துக்கங்க."

"என்ன சமைக்கணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்!"

"முடிவும் பண்ணுங்க, சமையலும் பண்ணுங்க."

ஒரு சாம்ராஜ்யம் இவ்வளவு சுலபமாகச் சரியுமா? டாக்டருக்கே லேசாகச் சந்தேகம் தட்டியது. மகள் கைதட்டினாள்.

"பிரமாதம்ப்பா! ஆனா கடைசிக் காட்சியை விட்டுட்டீங்களே. எல்லாரும் சேர்ந்து கத்துவாங்களே, அது?"

"மறப்பேனா?" டாக்டர் முஷ்டியை உயர்த்தினார். "அந்நிய ஆட்சியே, வெளியே போ!"

மனைவி மெல்லக் கிட்டே வந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க. நல்லாக் கேக்கணும்."

அவர் பேச்சை இரண்டாம் முறை கேட்க விரும்பியவர் இதுவரை உலகத்தில் ஒருவரும் இல்லை. டாக்டர் பூரித்துப் போனார்.

"போ! போ! போ!"

"நீதான்டி சாட்சி" என்று மகளிடம் சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள் அவள். "அக்கா! வண்டியை எடு. அவர் வாயாலயே சொல்லிட்டாரு!"

கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டி வந்தது. துணிமணி அடுக்கி, பூட்டி, தயாராக இருந்த பெட்டி. அடுத்த தெரு அக்கா வாசலில் ஹாரன் அடித்தாள். மனைவி படியிறங்கிய துள்ளலில், இத்தனை வருஷமாக அந்த வீட்டில் யாருமே பார்த்திராத ஒரு சின்னப் பெண் தெரிந்தாள். டாக்டருக்கே ஒருகணம் கைதட்டத் தோன்றியது. அடுத்த கணம் பசித்தது.

வெறுங்காலோடு ஓடிப்போய்க் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, ஏதோ உணர்ச்சிவேகத்தில சொல்லிட்டேன். இந்தா சாவி. ஆட்சியை நீயே வெச்சுக்கோ!"

கண்ணாடியை இறக்கி அவள் சிரித்தாள்.

"வெளியேத்தின அரசாங்கம் திரும்பி வந்து சோறு பொங்கிப் போட்டதா சரித்திரமே இல்லீங்க!"