பாத்ரூமுக்கு வந்த விருந்தாளி

அன்பில் குறையாத மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே உன் அக்கா நலம். எங்கோ ஒரு கடற்பறவையும் நலம் என்று நம்புகிறேன். என் நலத்தை விசாரிக்க இந்த வீட்டில் ஆளில்லாததால் உனக்கு எழுதுகிறேன்.

சென்ற மாதம் புயல் ஓய்ந்த காலையில், மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போன உன் அக்கா, ஒரு கடற்பறவையைத் துண்டில் சுற்றிக்கொண்டு இறங்கி வந்தாள். கறுப்பு முதுகு, கத்தரிக்கோல் மாதிரி அலகு, உடம்பில் எலும்பும் கோபமும்தான் பாக்கி. பறவைக் காப்பகத்துக்குப் போன் செய்தோம். வந்த டாக்டரம்மா தடவிப் பார்த்துவிட்டு, "காயமெல்லாம் இல்லைங்க, பட்டினி. கடல் சூடாயிடுச்சு, மேல திரிஞ்ச பொடிமீனெல்லாம் குளிர்ச்சி தேடி ஆழத்துக்குப் போயிடுச்சு. இதால அவ்வளவு ஆழம் முங்க முடியாது. காப்பகம் நிரம்பி வழியுது, கொஞ்ச நாள் உங்க பாத்ரூம்ல வெச்சுக்குவீங்களா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அக்கா தலையை ஆட்டிவிட்டாள்.

அன்று முதல் எனக்குக் கீழ்வீட்டுத் தையற்காரர் வீட்டில்தான் குளியல். துண்டும் சோப்புமாகப் படியிறங்கினால், "என்ன சார், வீட்ல சண்டையா?" என்று எதிர்ப்பட்டவனெல்லாம் கேட்டான். கல்யாணமான நாளிலிருந்து மீன் வாடைக்கே மூக்கைப் பொத்தியவள், சந்தையில் பொடிமீனைக் கண் பார்த்துப் பொறுக்கினாள். ஊட்டுவது மட்டும் என் வேலையாம். மீனின் வாலை முன்னால் நீட்டினேன். விரலில் விழுந்தது ஒரு கொத்து! "தலை முதல்ல போகணும், இல்லேன்னா செதில் தொண்டையில மாட்டிக்கும்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே, காதை எங்க அடகு வெச்சிருந்தீங்க?" என்று திட்டினாள். அப்புறம் என் விரலுக்கு மருந்து போட்டாள், பறவைக்கு ஆறுதல் சொல்லி முடித்த பிறகு.

ஒருநாள் அது மீனைத் தொடவேயில்லை. கழுத்தைத் தொங்கப்போட்டுக் கிடந்தது. உன் அக்கா பாத்ரூம் வாசலில் உட்கார்ந்து, "பசின்னு நம்மகிட்ட வந்துச்சுங்க, இதைக்கூடக் காப்பாத்த முடியலையே" என்று அழுதாள். அவள் அழுதால் எனக்குக் கை கால் ஓடாது, உனக்குத் தெரியும். பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, "ஏய்! எனக்கு இங்க குளிக்கவே இடமில்லை, உனக்குச் சாக இடம் கேக்குதா? தின்னு!" என்று அதட்டினேன். பயந்ததோ, வெட்கப்பட்டதோ, லபக்கென்று விழுங்கியது. உன் அக்கா அழுகையோடே சிரித்தாள்.

உடம்பு தேறிவிட்டது, பறக்கவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னதும், நேற்று அதை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துக் கடற்கரைக்குக் கொண்டுபோய்த் திறந்தோம். கடல் அந்தப் பக்கம் இருக்க, அது என்னைப் பார்த்து நடந்து வந்தது. "அந்தப் பக்கம் போம்மா" என்று கெஞ்சினேன். காற்று வீசியது, சிறகை விரித்தது, போயே போய்விட்டது. "போற இடத்துல மீன் இருக்கணுமே" என்று உன் அக்கா என் சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதிலிருந்து மாடியே கதி என்று வானத்தைப் பார்த்து நிற்கிறாள். ஆகவே நீ உடனே வந்து அவளைக் கொஞ்ச நாள் உன் வீட்டுக்கு அழைத்துப் போ. பறவைப் பைத்தியம் தெளியட்டும், நானும் என் பாத்ரூமில் ஆற அமரக் குளிப்பேன். குழந்தைகளுக்கு என் ஆசி. உன்னோடு குடித்தனம் நடத்தும் உன் மனைவிக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: கிளம்பிவிடாதே. உறையை ஒட்டுவதற்குள் டாக்டரம்மா போன் செய்தார். இன்னும் மூன்று பறவைகள் கரை ஒதுங்கியிருக்கின்றனவாம், இடம் இருக்குமா என்றார். உன் அக்கா மாடியில் இருந்ததால் நானே சொல்லிவிட்டேன்: பாத்ரூம் இருக்கிறது, அது போதாவிட்டால் மைத்துனன் வந்தால் படுக்கிற அறையும் காலியாகத்தான் இருக்கிறது என்று.