மொராக்கோவில் நின்ற நிச்சயதார்த்தம்

அரைகுறையாகப் படித்தவர்கள் கையில் மைக் கிடைக்கக் கூடாது. முழுசாகப் படித்தவர்கள் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். எங்களால்தான் நிறுத்த முடியாது. என் நிச்சயதார்த்தத்துக்கு வந்த எண்பது பேரும் இதற்குச் சாட்சி.

அப்போது கிண்டியில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் எனக்கு வேலை. அவர்கள் செலவில் அரபி வகுப்புக்கு அனுப்பினார்கள். மூன்று மாதத்தில் நான் உருப்படியாகக் கற்றது 'யல்லா' என்ற ஒரே ஒரு சொல். (வலமிருந்து இடமாகப் படித்துப் பழகி, பஸ் நம்பரையும் அப்படியே படித்து எங்கேயோ போய் இறங்கியது தனிக் கதை.)

ஸ்ரீராமும் அதே அலுவலகம்தான். காதல். என் அப்பாவுக்கு ரங்கநாதன் தெருவில் பாத்திரக்கடை, சொந்த ஊர் திருநெல்வேலி. அவன் குடும்பமோ நான்கு தலைமுறையாக மயிலாப்பூர்க் குளத்தை விட்டு நகராதது. அவன் அம்மா சம்மதிக்க ஒன்றரை வருடம் ஆனது, அதுவும் ஒரே ஒரு நிபந்தனையோடு: எல்லாம் சொன்ன நேரத்துக்கு நடக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். "கவலையே படாதீங்கம்மா" என்று போனில் வாக்குக் கொடுத்தது சாட்சாத் நான்தான்.

அபிராமபுரத்தில் சின்ன மண்டபம். பத்து மணி தாண்டி வாத்தியார் லக்னப் பத்திரிகையை வாசித்து முடித்தார். மைக்கை என் பக்கத்தில் வைத்துவிட்டுத் தாம்பாளத்தில் வெற்றிலையை அடுக்கினார். இருபது வருடம் மஸ்கட்டில் இருந்துவிட்டு வந்த ஸ்ரீராமின் மாமா கடிகாரத்தைப் பார்த்தார். "யல்லா, யல்லா, தட்டை மாத்திடலாம்" என்றார். அரபியில் அதற்குச் 'சீக்கிரம்' என்று அர்த்தம் என்று பக்கத்து நாற்காலிக்கு விளக்கமும் சொன்னார்.

நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டிய நேரம். மைக்கை எடுத்தேன்.

"அது முழு அர்த்தம் இல்ல மாமா."

ஆரம்பித்துவிட்டேன். 'யா' என்றால் ஏ என்று கூப்பிடுவது. 'யா அல்லா' என்று கடவுளைக் கூப்பிட்டதுதான் நாளடைவில் தேய்ந்து 'யல்லா' ஆனது. நாம் 'முருகா' என்று சொல்லிக்கொண்டு எழுந்திருக்கிறோமே, அதே மாதிரி. எகிப்தில் 'வா, போகலாம்' என்பதற்கு இதுதான். லெபனானில் போனை வைக்கும்போது சொல்வார்கள். (சொல்லிவிட்டு இன்னும் பத்து நிமிடம் பேசுவார்கள்.) சவூதியில் விருந்தாளியை வாசலில் வரவேற்கும்போதும் 'யா அல்லா'வில்தான் தொடங்குவார்கள்.

மாமாவும் சும்மா இருக்கவில்லை. மஸ்கட்டில் தன் டிரைவர் 'யல்லா' என்றால் 'இதோ வந்துகொண்டே இருக்கிறேன்' என்று அர்த்தம், ஒரு மணி நேரம் கழித்துத்தான் வருவான் என்றார். அதையும் நான் ஆராய்ந்தேன். வாத்தியார் இருமினார், சந்தேகம் கேட்கிறார் போல என்று அவருக்காக மறுபடி முதலிலிருந்து சொன்னேன். ஸ்ரீராம் என் புடவைத் தலைப்பை இழுத்தான். ரசிக்கிறான் என்று நினைத்தேன். அப்பாதான் கடைசியில் எழுந்தார்.

"ஏட்டி, மைக்கைக் கீழ வையி."

"மொராக்கோ மட்டும் பாக்கிப்பா" என்றேன்.

வாத்தியார் தாம்பாளத்தைத் துணி போட்டு மூடினார். மணி பத்து முப்பத்திரண்டு. இனி பன்னிரண்டு மணி வரை எதுவும் செய்ய முடியாது. ஸ்ரீராமின் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் என் கல்யாணமே கண்முன் கரைந்தது. 'சீக்கிரம்' என்ற சொல்லை விளக்கியே நேரத்தைக் கோட்டைவிட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மணமகள் அறையில் போய் மை கரையக் கரைய அழுதேன். கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. ஸ்ரீராமின் அம்மா. இதோடு முடிந்தது என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் கதவைச் சாத்தினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பாதியில விட்டுட்டியே. மொராக்கோல என்னன்னு சொல்லுவா?"

புடவைத் தலைப்பால் மையைத் துடைத்துக்கொண்டேன்.

"தெரியாதும்மா. அந்தப் பாடம் வர்றதுக்குள்ள வகுப்பு முடிஞ்சிடுச்சு."

"தெரியாமலா எல்லாரையும் அவ்வளவு தூரம் அழைச்சுண்டு போனே?" என்று ஆரம்பித்த சிரிப்பு, அவருக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை நிற்கவில்லை. எனக்கும் தொற்றிக்கொண்டது. பன்னிரண்டு ஐந்துக்குத் தட்டு மாற்றினோம். மைக்கை அப்பா மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது எங்கள் வீட்டில் அந்தச் சொல் தினமும் புழங்குகிறது. குக்கர் இன்னும் விசில் அடிக்கவில்லையா, என் மாமியார் சமையலறையிலிருந்து "யல்லா" என்பார். தட்டு போட்டுவிட்டவர்கள் பேசாமல் போய் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். 'இப்போதைக்கு ஒன்றும் நடக்காது, உட்காருங்கள்' என்று பொருள். எந்த அரபு நாட்டிலும் இந்த அர்த்தம் கிடையாது. இது அபிராமபுரம் வட்டார வழக்கு. தோற்றம்: நான்.